லைசென்ஸ் இல்லாத மீன்: விஸ்கான்சின் ஏரிகளும் 1837 ஒப்பந்தமும்

இன்னைக்கு ஒரு சின்ன காகிதத்திலிருந்து ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். மீன்பிடி லைசென்ஸ்.

அமெரிக்காவில் சிகாகோவுக்கு வடக்கே இருக்கிற மாநிலம் விஸ்கான்சின். கிழக்கே மிச்சிகன் ஏரி, வடக்கே சுப்பீரியர் ஏரி, மேற்கே மிசிசிப்பி ஆறு. உள்ளே 15,000-க்கும் மேல ஏரிகள். அந்த ஊர்ல 16 வயசுக்கு மேற்பட்டவர் யாரா இருந்தாலும், தூண்டிலைத் தண்ணியில போடணும்னா லைசென்ஸ் வேணும். உள்ளூர்க்காரருக்கு ஒரு கட்டணம், வெளி மாநிலத்துக்காரருக்கு அதைவிடக் கூடுதல். ட்ரௌட் மீனுக்குத் தனியா ஒரு ஸ்டாம்ப். 1927 ஜனவரி 1-க்கு முன்னாடி பிறந்தவங்களுக்கு லைசென்ஸே வேண்டாம்னு ஒரு விதிவிலக்குகூட இருக்கு. எந்த மீனை எந்த மாசம் பிடிக்கலாம், எத்தனை பிடிக்கலாம், எத்தனை அங்குலத்துக்குக் குறைஞ்சா திரும்ப விடணும், எல்லாத்துக்கும் விதி இருக்கு.

இதுல பேச என்ன இருக்குன்னு கேட்பீங்க. இந்த விதிகளுக்கெல்லாம் அடியில ஒரு கேள்வி இருக்கு. அனுமதி கொடுக்கணும்னா, கொடுக்கிறவர் உரிமையாளரா இருக்கணும் இல்லையா? ஏரியில நீந்துற மீனுக்கு யார் உரிமையாளர்? இந்தக் கேள்வியை 1974-ல் ரெண்டு சகோதரர்கள் ஒரு பனி ஏரியின் மேல் நின்று கேட்டார்கள். அதற்குப் பதில் கிடைக்க 17 வருஷம் ஆச்சு. நடுவுல கல்லெறி, துப்பாக்கிச் சத்தம், கலவரத் தடுப்புப் போலீஸ் எல்லாம் வந்தது. அந்தக் கதைதான் இன்னைக்கு.

பளபளக்கும் கண்

முதல்ல மீனைத் தெரிஞ்சுக்குவோம். வால்ஐ என்று ஒரு மீன். ஒஜிப்வே மொழியில் 'ஓகா'. அந்த வட்டாரத்தில் சாப்பாட்டுக்கு இதுக்கு மேல ருசியான மீன் இல்லைன்னு சொல்வாங்க. இதன் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு. இருட்டில் விளக்கு அடிச்சா, பூனைக் கண் மாதிரி மின்னும்.

ஏப்ரலில் ஏரியின் பனி உருகியதும் வால்ஐ முட்டையிடக் கரையோரம் வரும். கூழாங்கல் நிறைந்த, ஆழமில்லாத தண்ணீர். அதுவும் ராத்திரியில். ஒஜிப்வே மக்கள் மரப்பட்டையில் தீப்பந்தம் கட்டி, படகின் முன்னால் ஏற்றிவைத்து, கண் மின்னுகிற இடம் பார்த்து ஈட்டியால் குத்துவார்கள். நீண்ட குளிர்காலத்துக்குப் பிறகு கிடைக்கிற முதல் நல்ல சாப்பாடு அது. இரவில் ஏரி முழுக்கத் தீப்பந்தங்கள் நகர்வதைப் பார்த்த பிரெஞ்சு வியாபாரிகள் ஓர் இடத்துக்கு லாக் டு ஃப்ளாம்போ, அதாவது தீப்பந்த ஏரி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரிலேயே இன்றும் ஓர் ஒஜிப்வே ஊர் இருக்கிறது.

ஆங்கிலத்தில் இவர்களைச் சிப்பெவா என்றும் சொல்வதுண்டு. கோர்ட் ஆவணங்களில் பெரும்பாலும் அந்தப் பெயர்தான் இருக்கும்.

விற்றது எது, வைத்துக்கொண்டது எது

1837 ஜூலை 29. மினசோட்டா ஆறு மிசிசிப்பியில் சேரும் இடத்தில் ஒரு ஒப்பந்தம் கையெழுத்தாகிறது. அமெரிக்க அரசின் பக்கம் பேசியவர் விஸ்கான்சின் பிரதேச ஆளுநர் ஹென்றி டாட்ஜ். அரசுக்கு வேண்டியது பைன் மரம். அடுத்து 1842-ல் லா பாயின்ட் என்ற இடத்தில் இன்னொரு ஒப்பந்தம். அப்போது வேண்டியது செம்பு. இந்த ரெண்டிலும் சேர்த்து, இன்றைய விஸ்கான்சினின் வடக்கு மூன்றில் ஒரு பங்கு அரசுக்குப் போய்விட்டது.

ஆனால் 1837 ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு முக்கியம். கொடுத்த நிலத்திலும் ஆறுகளிலும் ஏரிகளிலும் வேட்டையாட, மீன் பிடிக்க, காட்டரிசி சேகரிக்க ஒஜிப்வேக்களுக்கு உரிமை தொடரும் என்கிறது அது. கூடவே ஒரு வால்: ஜனாதிபதி விரும்பும் காலம் வரை.

நம்ம ஊர்ல நிலம் விக்கிறப்ப பத்திரத்துல எழுதுவாங்க பாருங்க, நிலத்தை உனக்குக் கிரயம் கொடுத்துட்டேன், ஆனா கிணத்துல தண்ணி எடுக்கிற பாத்தியதை எனக்கும் என் வாரிசுகளுக்கும் உண்டுன்னு. அதே மாதிரிதான் இது. கிணத்துப் பாத்தியதை வாங்கினவர் போட்ட பிச்சை இல்ல. விக்கிறவர் விக்காம வெச்சுக்கிட்டது. இந்த வித்தியாசத்தை மனசுல வெச்சுக்குங்க, கடைசி வரைக்கும் இதுதான் வழக்கு. 1905-லேயே வேறொரு பழங்குடியின் மீன்பிடி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது: ஒப்பந்தம் என்பது பழங்குடிகளுக்கு உரிமை வழங்கும் பத்திரம் அல்ல, அவர்களிடமிருந்து உரிமை வாங்கும் பத்திரம். வாங்காதது அவர்களிடமே இருக்கிறது.

1837 பேச்சுவார்த்தையைப் பற்றி எழுதிவைத்த குறிப்புகள் இன்றும் இருக்கின்றன. அதில் ஒரு தலைவர் ஓக் மரத்தின் சிறு கிளை ஒன்றை வரைபடத்தின் பக்கத்தில் வைத்து, நாங்கள் பிழைக்க வழிசெய்யும் மரத்தையும், உயிர் தரும் நீரோடைகளையும் எங்களுக்கே வைத்துக்கொள்ள விரும்புகிறோம் என்கிற அர்த்தத்தில் பேசியிருக்கிறார். 150 வருஷம் கழிச்சு நீதிபதிகள் இந்தக் குறிப்புகளையெல்லாம் எடுத்துப் படிச்சாங்க. ஏன்னா பழங்குடி ஒப்பந்தங்களுக்கு ஒரு சட்ட விதி உண்டு. கையெழுத்துப் போட்ட பழங்குடிகள் அதை எப்படிப் புரிஞ்சுக்கிட்டாங்களோ, அப்படித்தான் பொருள் கொள்ளணும்.

சாண்டி லேக்

ஜனாதிபதி விரும்பும் காலம் வரைன்னு ஒரு வால் இருந்ததே, அது 1850-ல் கடித்தது. ஜனாதிபதி சக்கரி டெய்லர் அந்த உரிமைகளை ரத்து செய்து, ஒஜிப்வேக்கள் மிசிசிப்பிக்கு மேற்கே போக வேண்டும் என்று உத்தரவு போட்டார். நிலத்துக்கான ஆண்டுத் தொகை வழக்கமாக லா பாயின்ட்டில் கொடுக்கப்படும். அந்த வருஷம் வேண்டுமென்றே மினசோட்டாவில் இருக்கும் சாண்டி லேக்குக்கு மாற்றினார்கள். இலையுதிர் காலத்தில் வரச் சொன்னார்கள். போனால் அங்கே பணமும் இல்லை, போதுமான உணவும் இல்லை. இருந்த உணவும் கெட்டுப்போனது. ஆறு உறையும் வரை காத்திருந்தார்கள். சீதபேதியும் அம்மையும் பரவின. டிசம்பரில் கொஞ்சம் பொருள் கொடுத்து அனுப்பினார்கள். அங்கேயும், பனியில் நடந்து திரும்பும் வழியிலும் சேர்த்து சுமார் 400 பேர் இறந்தார்கள்.

இதற்குப் பிறகு 1852-ல் கெச்சிவைஷ்கெ, ஆங்கிலத்தில் சீஃப் பஃபலோ என்று அழைக்கப்பட்ட தலைவர், வாஷிங்டனுக்குக் கிளம்பினார். அவருக்கு 90 வயதைத் தாண்டியிருந்தது. மரப்பட்டைப் படகில் சுப்பீரியர் ஏரிக்கரை ஓரமாகவே போய், வழியில் இருந்த வெள்ளைக்காரக் குடியேறிகளிடம் மனுவில் கையெழுத்து வாங்கிக்கொண்டே போனார்கள். ஜனாதிபதி ஃபில்மோரைச் சந்தித்து, அவரோடு புகைக்குழாய் பகிர்ந்து பேசினார்கள். வெளியேற்றும் திட்டம் நின்றது. 1854-ல் மூன்றாவது ஒப்பந்தம். சொந்த ஊரிலேயே நிரந்தரமாக ஒதுக்கப்பட்ட நிலங்கள் கிடைத்தன. அதற்கு அடுத்த வருஷம் பஃபலோ இறந்துபோனார்.

வார்டன் வந்தார்

1848-ல் விஸ்கான்சின் மாநிலமாகிவிட்டது. மரம் வெட்டி முடித்த காட்டில் மான் குறைந்தது, ஏரியில் மீன் குறைந்தது. அதனால் வேட்டைச் சட்டங்கள் வந்தன, வார்டன்கள் வந்தார்கள். மாநிலத்தின் வாதம் எளிமையானது: காட்டு விலங்கும் மீனும் மக்கள் எல்லோருக்கும் பொது, மக்கள் சார்பில் மாநிலம் பாதுகாக்கிறது, ஆகவே எல்லோருக்கும் ஒரே விதி.

கேட்க நியாயமாத்தான் இருக்கு. நடைமுறையில என்ன ஆச்சு? 1894 டிசம்பரில் ஜோ வைட் என்ற ஒஜிப்வே தலைவரைத் தடைக்காலத்தில் மான் வேட்டையாடியதாகச் சொல்லிக் கைதுசெய்யப் போன வார்டன்கள் அடித்து, சுட்டுக் கொன்றார்கள். வழக்கு நடந்தது, அவர்கள் விடுதலையானார்கள். 1908-ல் ஜான் மோரின் என்ற ஒஜிப்வேக்காரர் சுப்பீரியர் ஏரியில் வலை போட்ட வழக்கில், விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றம் ஒரே வரியில் முடித்துவிட்டது: மாநிலம் உருவானபோதே ஒப்பந்த உரிமை அழிந்துவிட்டது. அதன் பிறகு மூன்று தலைமுறை ஒஜிப்வேக்கள் தங்கள் ஏரியிலேயே ராத்திரியில் ஒளிந்து மீன் பிடித்தார்கள். மாட்டினால் அபராதம், சில நேரம் சிறை.

இன்னொரு பக்கம் லைசென்ஸ் ஒரு பெரிய ஏற்பாடாக வளர்ந்தது. 1950-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. தூண்டில், ரீல் விற்பனை மீது 10 சதவீத வரி. அந்தப் பணம் மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படும். யாருக்கு எவ்வளவு? 60 சதவீதம் லைசென்ஸ் வாங்கியவர் எண்ணிக்கையை வைத்து, 40 சதவீதம் பரப்பளவை வைத்து. லைசென்ஸ் பணத்தை வேறு செலவுக்குத் திருப்பவும் கூடாது. மீன் குஞ்சு வளர்க்கிறது, ஏரியை ஆய்வு செய்யறது, வார்டன் சம்பளம் எல்லாம் இதிலிருந்துதான். நல்ல ஏற்பாடு, நான் குறை சொல்லல. ஆனா இதனால தூண்டில்காரர் மனசுல ஒரு எண்ணம் ஆழமா பதிஞ்சுபோச்சு: நான்தான் காசு கொடுக்கிறேன், இது என் மீன்.

1974, சீஃப் லேக்

விஸ்கான்சினின் வடமேற்கில் லா கூடரே ஒஜிப்வேக்களின் ஒதுக்கீட்டு நிலம் இருக்கிறது. பக்கத்தில் 1920-களில் ஒரு அணை கட்டினார்கள். 1923-ல் தண்ணீர் ஏறியபோது அவர்களுடைய ஒரு கிராமமும், மூதாதையர் கல்லறைகளும், காட்டரிசி விளைந்த நீர்நிலைகளும் மூழ்கின. அந்த அணைக்கு மத்திய அரசு கொடுத்திருந்ததும் ஒரு லைசென்ஸ்தான், 50 வருஷத்துக்கு. அது முடியும் 1971-ல் லா கூடரே மக்களும் அமெரிக்கன் இந்தியன் மூவ்மென்ட் அமைப்பினரும் அணையிலேயே போய் உட்கார்ந்து போராடினார்கள்.

மூணு வருஷம் கழிச்சு, 1974 மார்ச்சில், அதே நீர்த்தேக்கத்தைச் சேர்ந்த சீஃப் லேக்கில் ஃப்ரெட் ட்ரிபிள், மைக் ட்ரிபிள் என்ற சகோதரர்கள் ஒதுக்கீட்டு எல்லையைத் தாண்டிப் போய், உறைந்த ஏரியில் துளை போட்டு, ஈட்டியோடு உட்கார்ந்தார்கள். தெரிஞ்சேதான் தாண்டினாங்க. வார்டன் வந்து வழக்குப் பதிந்தார். ரெண்டு குற்றம். ஒன்று, ஒதுக்கீட்டுக்கு வெளியே உள்ள ஏரியில் மீன் குத்தும் ஈட்டி வைத்திருந்தது. ரெண்டாவது, பனிமேல் போட்ட மீன்பிடிக் குடிசையில் பெயர், விலாசம் எழுதி ஒட்டாதது.

இவ்வளவு பெரிய வரலாறு ஒரு விலாசச் சீட்டுல வந்து நிக்குது பாருங்க.

லா கூடரே மக்கள் மாநில இயற்கை வளத் துறை மீது மத்திய நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். துறையின் தலைவராக இருந்தவர் லெஸ்டர் வாய்ட், அதனால் வழக்குக்கு வாய்ட் வழக்கு என்று பெயர். 1978-ல் நீதிபதி ஜேம்ஸ் டாயில் பழங்குடிக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில், 1983 ஜனவரி 25 அன்று ஏழாவது வட்டார நீதிமன்றம் அதைத் திருப்பியது. 1850 வெளியேற்ற உத்தரவு ஒப்பந்தத்தின் எல்லையை மீறியது, ஆகவே செல்லாது. 1854 ஒப்பந்தத்தில் மீன்பிடி உரிமையை விட்டுக்கொடுத்ததாக எங்கேயும் இல்லை. உரிமை உயிரோடு இருக்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை எடுக்க மறுத்துவிட்டது.

சாண்டி லேக்கில் 400 பேரைக் கொன்ற அந்த உத்தரவு சட்டப்படி செல்லாதுன்னு சொல்ல, 133 வருஷம் ஆச்சு.

படகுத்துறைகள்

1985 வசந்தத்தில் ஒஜிப்வேக்கள் வெளிப்படையாக ஈட்டியோடு ஏரிகளுக்கு வந்தார்கள். தீப்பந்தத்துக்குப் பதில் தலையில் கட்டிய விளக்கு, மரப்பட்டைப் படகுக்குப் பதில் அலுமினியப் படகு. அப்போதுதான் பிரச்சினை வெடித்தது.

எதிர்த்தவர்களின் ஆத்திரத்தையும் புரிஞ்சுக்கணும். ஒரு தூண்டில்காரர் மே மாசம் முதல் சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்கணும். தூண்டிலைத் தவிர வேற எதுலயும் வால்ஐ பிடிக்கக் கூடாது. ஈட்டியால் குத்தினா குற்றம். அவர் கண் முன்னாடியே ஏப்ரல்ல, முட்டையிட வந்த மீனை இன்னொருத்தர் குத்தி எடுக்கிறார். வடக்கு விஸ்கான்சின் சுற்றுலாவை நம்பிய பூமி. விடுதி, படகு வாடகை, புழு விக்கிற கடை எல்லாம் மீனை நம்பித்தான். மீன் தீர்ந்துவிடும் என்று சொன்னவர்களை மக்கள் நம்பினார்கள்.

ஆனால் படகுத்துறைகளில் நடந்தது மீனைப் பற்றிய விவாதம் மட்டும் இல்லை. 1987-லிருந்து 1991 வரை வசந்த காலத்தில் நூற்றுக்கணக்கான பேர் ராத்திரியில் கூடி வசை பாடினார்கள். கல்லும் கவண் குண்டும் பறந்தன. மீன்பிடிப் படகுகளைக் கவிழ்க்கப் பெரிய மோட்டார் படகில் அலை எழுப்பினார்கள். "ஒரு வால்ஐயைக் காப்பாற்று, ஓர் இந்தியனை ஈட்டியால் குத்து" என்று பலகை பிடித்தார்கள். இந்தியன் என்றது பழங்குடிகளை. போராட்டத்துக்குப் பணம் திரட்ட 'ட்ரீட்டி பியர்' என்று பெயர் போட்டு ஒரு பியரே விற்றார்கள்.

இன்னொரு பக்கம், வால்டர் ப்ரெசெட் என்ற ஒஜிப்வே செயல்பாட்டாளரும் மற்றவர்களும் வன்முறையைச் சாட்சியாக நின்று பதிவுசெய்யத் தொண்டர்களைத் திரட்டினார்கள். பல ஊர்களிலிருந்து வெள்ளைக்காரர்களும் வந்து, குளிரில் துறைகளில் மௌனமாக நின்றார்கள். 1989-ல் ஆளுநர் டாமி தாம்சனின் அரசு, கலவர அபாயம் இருக்கிறது, ஈட்டி மீன்பிடிப்பை நிறுத்துங்கள் என்று கோர்ட்டுக்குப் போனது. நீதிபதி பார்பரா கிராப் மறுத்துவிட்டார். சட்டப்படி நடக்கிறவரைத் தடுப்பதன் மூலம் கலவரக்காரருக்குப் பரிசு தர முடியாது என்பதுதான் அவர் நிலைப்பாட்டின் சாரம்.

அதே வருஷம் மாநில அரசு லாக் டு ஃப்ளாம்போ மக்களிடம் வேறொரு பேரம் பேசியது. உரிமையைப் பயன்படுத்தாமல் இருக்கக் கோடிக்கணக்கான டாலர். வறுமை மிகுந்த ஊர். வாக்கெடுப்பு நடந்தது. மக்கள் வேண்டாம் என்றார்கள். இந்த முழுக் கதையிலயும் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிற இடம் இதுதான். தாத்தாக்கள் விக்காம வெச்சுக்கிட்டதைப் பேரப்பிள்ளைகளும் விக்கல.

எண்ணிப் பார்த்தார்கள்

சரி, மீன் என்ன ஆச்சு? 1984-ல் பழங்குடிகள் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு மீன், வன விலங்கு ஆணையம் அமைத்திருந்தார்கள். சொந்த உயிரியலாளர்கள், சொந்த வார்டன்கள், சொந்த விதிகள். ஒவ்வோர் ஏரிக்கும், ஒவ்வோர் இரவுக்கும் தனித்தனி அனுமதி. கரைக்கு வரும் ஒவ்வொரு மீனையும் அங்கேயே எண்ணுவார்கள். ஒரு அனுமதிக்கு 20 அங்குலத்துக்கு மேற்பட்ட மீன் ரெண்டுக்கு மேல் கூடாது, ஏனென்றால் பெரிய மீன்கள் பெரும்பாலும் பெண் மீன்கள். தூண்டில்காரர் பிடிக்கிறதை இப்படி ஒண்ணு விடாம யாரும் எண்ணறதில்ல, மாதிரிக் கணக்குதான்.

கோர்ட் ஏற்றுக்கொண்ட அளவு இது: ஓர் ஏரியின் வளர்ந்த வால்ஐயில் வருஷத்துக்கு 35 சதவீதத்துக்கு மேல் எல்லோருமாகச் சேர்ந்துகூட எடுக்கக் கூடாது. பழங்குடியின் பங்கு அதற்குள்தான். அவர்கள் கூடுதலாகக் கேட்ட ஏரிகளில் தூண்டில்காரரின் தினசரி அளவு அந்தக் காலத்தில் ஐந்திலிருந்து மூன்றாகவோ இரண்டாகவோ குறைந்தது. 1991-ல் மத்திய அரசு, மாநிலம், பழங்குடிகள் மூன்று தரப்பும் சேர்ந்து செய்த ஆய்வு வெளிவந்தது. ஈட்டி மீன்பிடிப்பால் மீன்வளம் அழியவில்லை என்பது முடிவு. ஈட்டியில் போனது ஆயிரக்கணக்கில், தூண்டிலில் போனது லட்சக்கணக்கில்.

அந்த வருஷமே கிராப் துறைகளில் தொல்லை கொடுப்பதைத் தடைசெய்தார். கூட்டம் கலைந்தது. மே மாதம், நீண்ட வழக்கின் இறுதித் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்வதில்லை என்று இரு தரப்பும் முடிவெடுத்தார்கள். ஒஜிப்வேக்களுக்கும் எல்லாம் கிடைக்கவில்லை. வணிக மரம் வெட்டும் உரிமை கிடையாது, இத்தனை வருஷம் இழந்ததுக்கு நஷ்டஈடும் கிடையாது. 1999-ல் பக்கத்து மினசோட்டாவின் வழக்கில் உச்ச நீதிமன்றமே 5-4 என்ற கணக்கில் 1837 உரிமையை உறுதிசெய்தது.

பிறகு ஒரு திருப்பம். உல்ஃப் ஆற்றின் தலைப்பகுதியில், க்ராண்டன் என்ற இடத்தில் துத்தநாக, செம்புச் சுரங்கம் தோண்டத் திட்டம் வந்தபோது, படகுத்துறையில் எதிரெதிரே நின்ற பழங்குடிகளும் தூண்டில்காரர்களும் ஒரே பக்கம் நின்றார்கள். ஆறு கெட்டால் பங்கு போட மீனே இருக்காதே. 2003-ல் ரெண்டு பழங்குடிச் சமூகங்கள் சேர்ந்து அந்தச் சுரங்க நிலத்தையே 1.65 கோடி டாலருக்கு வாங்கிவிட்டன.

கலவரத்தின் நடுவே 1989-ல் இன்னொன்றும் நடந்தது. ஒஜிப்வேக்களின் ஒப்பந்த உரிமையைப் பொதுப் பள்ளிகளில் கற்பிக்க வேண்டும் என்று மாநிலம் சட்டம் போட்டது. 'ஆக்ட் 31' என்று பெயர். துறையில் கல்லெறிந்த பலருக்கு இப்படி ஒரு ஒப்பந்தம் இருப்பதே பள்ளியில் சொல்லித்தரப்படவில்லை என்ற உணர்விலிருந்து வந்த சட்டம். ஆனாலும் ஏப்ரல் இரவுகளில் ஈட்டி மீன்பிடிப்பவர்களை நோக்கி வசவும், சில நேரம் துப்பாக்கிச் சத்தமும் அண்மைக்காலம் வரை வந்துகொண்டுதான் இருக்கிறது. சட்டம் முடிந்ததாகச் சொல்கிற விஷயம் கரையில் முடியவில்லை.

விஸ்கான்சின் பக்கம் இருக்கிற நம்ம நேயர்கள், மே மாசம் லைசென்ஸ் எடுத்துட்டு வடக்கே போறப்ப அந்த ஏரியின் விதிப்பலகையைக் கொஞ்சம் நின்னு படிங்க. தினசரி அளவு எத்தனைன்னு போட்டிருக்கும். அந்த ஒரு எண்ணுக்குப் பின்னால 1837-ல் ஒருத்தர் வரைபடத்துக்குப் பக்கத்துல வெச்ச ஓக் கிளையும் இருக்கு.

உங்க கேள்விகளை எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.